சீமாட்டியின் பின்னல்

கடுகுக்குக் கோபம் வராத நாள் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டால் அந்த லாயத்தில் இருக்கிற பதினாலு குதிரையும் இல்லை என்று தலையாட்டிவிடும். கடுகு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ஆள் குள்ளம், காரம் மட்டும் ஒரு சிட்டிகை கூடக் குறையாது என்பதால் லாயத்தில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியில் பாசி இருந்தால் தொட்டியோடு சண்டை. தீவன மூட்டை நனைந்திருந்தால் மழையோடு சண்டை. வாயில்லாத பொருளுக்கே இந்தக் கதி என்றால் வாயுள்ள மனுஷர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வேலையில் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷமாகக் குதிரை தேய்க்கிறாள், குளம்பு சுத்தம் பண்ணுகிறாள், கொட்டடி கூட்டுகிறாள். அதிலும் போட்டி நாளில் பிடரி பின்னுகிறதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குதிரையின் கழுத்தில் தொங்குகிற முடியைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, இறுகப் பின்னி, சுருட்டி, ஊசி நூலால் தைத்து, காதடியிலிருந்து தோள் வரைக்கும் வரிசையாக உருண்டை உருண்டையாக நிறுத்துவாள். உயரம் எட்டாது. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பாள். அவள் பின்னினால் பின்னினதுதான். குதிரை வேலி தாண்டி, பள்ளம் தாண்டி, தண்ணீரில் விழுந்து எழுந்து வந்தாலும் ஒரு முடி வெளியே வராது. பக்கத்து லாயத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, உன் கையை வெட்டிக் கொடேன்" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவள் சிரிப்பாள்.

கடுகுக்கு ஒரே மகள். குதிரை ஓட்டுகிறவள். வயது இருபத்துமூன்று. தாயைப் போல பிள்ளை என்பதெல்லாம் அந்த வீட்டுக்குச் செல்லாது. அம்மா ஒன்பது வார்த்தை பேசினால் மகள் ஒன்று பேசுவாள், அதுவும் யோசித்து. வீட்டுக்காரர் பாதியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒற்றையாளாக வளர்த்த பிள்ளை அது. அம்மாவோடு லாயத்துக்கு வந்து வந்து, நடக்கிற வயசிலேயே குதிரைமேல் உட்கார்ந்தவள். நன்றாகவும் ஓட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளியே பார்த்துவிட்டு, லாயத்தில் இருந்ததிலேயே நல்ல குதிரையை அவளிடம் கொடுத்தார்.

அந்தக் குதிரைதான் சீமாட்டி. பழுப்பு நிறம், நெட்டைக் கால், ராணி மாதிரி பார்வை. ஓட விட்டால் பயம் என்றால் என்ன விலை என்று கேட்பாள். அவள் இறங்கிய போட்டி மூன்று கட்டம் உள்ளது. காடு மேடெல்லாம் ஓடித் தாண்டுகிற கட்டம் ஒன்று, மைதானத்தில் கம்பு தாண்டுகிற கட்டம் ஒன்று. இரண்டிலும் சீமாட்டியைப் பிடிக்க முடியாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் முதல் கட்டம் ஒன்று இருக்கிறதே, டிரெஸ்ஸாஜ், அதுதான் அவளுக்கு எமன். வெள்ளைப் பலகை வைத்து அடைத்த நீள்சதுரத்துக்குள் ஐந்து நிமிஷம் அடக்கமாக நடக்கணும், மெல்ல ஓடணும், வட்டம் போடணும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கணும். ஒவ்வொன்றுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என்று மார்க்கு போடுவார். நடுவில் ஓர் இடத்தில் கடிவாள வாரைத் தளர்த்தி விடுவார்கள். அப்போது குதிரை கழுத்தைக் கீழே நீட்டி, மேய்ச்சலுக்குப் போகிற மாதிரி ஆற அமர நடக்கணும். சரியாக அந்த இடத்தில் சீமாட்டி தலையை வானத்துக்குத் தூக்குவாள். பல்லை நறநறவென்று கடிப்பாள், வாலைச் சுழற்றுவாள், நடக்கச் சொன்னால் குதிப்பாள். லாயத்தில் பழகுகிற நாளில் இந்தக் கூத்து ஒன்றும் கிடையாது, போட்டியில்தான். நூற்றுக்கு நாற்பத்தெட்டு. அடுத்த போட்டியில் நாற்பத்தாறு.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பேச்சு சுருக்கமாகத்தான் இருந்தது.

"கடுகு, இன்னும் ஒரு போட்டி. டிரெஸ்ஸாஜ்ல அறுபது வரணும். வந்தா உன் பொண்ணுதான் கடைசி வரைக்கும் அதை ஓட்டுவா, என் வாக்கு. வரலைன்னா வேற ஆளை ஏத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து சத்தம் போடக் கூடாது."

"நான் எப்ப முதலாளி சத்தம் போட்டேன்?" என்று சத்தம் போட்டாள் கடுகு.

இரண்டு மாசம் இருந்தது. குதிரை போனால் மகளுக்கு வேறு குதிரை கிடையாது. லாயத்தில் மிச்சம் இருப்பதெல்லாம் கிழடும் நொண்டியும். போட்டிக்கு ஆகாத குதிரையில் உட்கார்ந்து போட்டிக்காரி ஆக முடியுமா? அத்தோடு முடிந்தது, மகளும் அம்மா மாதிரி சாணி அள்ள வேண்டியதுதான். அதை நினைத்தாலே கடுகுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நெருப்பைக் கண்ணில் பட்டவர் மேலெல்லாம் கொட்டினாள்.

முதலில் தீவனம். தானியம் திமிர் ஏற்றுகிறது என்று பாதியாகக் குறைத்தாள். குதிரை இளைத்ததுதான் மிச்சம். அடுத்தது சேணம். தைத்துக் கொடுத்தவரை வரவழைத்து, "முதுகைப் பாத்துத் தச்சியா, கண்ணை மூடிக்கிட்டுத் தச்சியா?" என்று கேட்டதில், அந்த மனுஷர் குதிரையின் முதுகை மூன்று தடவை அளந்து காட்டிவிட்டு, இனி இந்த வாசல் மிதிக்க மாட்டேன் என்று போய்விட்டார். அப்புறம் ஒலிபெருக்கி. கூட்டச் சத்தத்துக்கு மிரள்கிறது என்று கொட்டடிக்கு முன்னாலேயே ஒன்றைக் கட்டி நாள் முழுக்க அலறவிட்டாள். சீமாட்டி பாட்டுக்குப் புல் தின்றாள். மிரண்டதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான்.

கடைசியாக வண்டியில் ஏற்றி வேறொரு மைதானத்துக்கே கொண்டுபோய், வெள்ளைப் பலகை நட்டு, தெரிந்தவர்கள் பத்துப் பேரை உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லி ஓட்டிப் பார்த்தார்கள். பழகுகிற நாள்தானே, அலங்காரம் எதுவும் இல்லை. பிடரி பாட்டுக்குக் காற்றில் ஆடியது. சீமாட்டி தங்கமாக நடந்தாள். வாரை விட்டதும் கழுத்தை நீட்டி, மூக்கு தரையை உரசுகிற மாதிரி இறக்கிக்கொண்டு போனாள். பார்த்தவர்களுக்கே கண் குளிர்ந்தது.

"பாத்தியா! வழிக்கு வந்துட்டா!" என்றாள் கடுகு.

மகள் குதிரையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

போட்டி நாள் வந்தது. விடிந்ததும் கடுகு பெட்டிமேல் ஏறிவிட்டாள். எல்லாம் இன்றைக்குத்தான் என்கிற நினைப்பில் கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகம், கொஞ்சம் இறுக்கம். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னினாள். சீமாட்டியின் தோல் சிலிர்த்தது, தலையை இழுத்தாள். "நில்லுடி! உனக்குத்தானே பண்றேன்!" என்று கழுத்தில் ஒன்று வைத்தாள். மொத்தம் இருபத்துமூன்று உருண்டை. முதலாளி அந்தப் பக்கம் வந்தவர், "இது வேலை!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

களம் இறங்குவதற்கு முன்னால் குதிரையைத் தயார் பண்ணுகிற புல்வெளியில் மகள் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான். பழைய குருடி கதவைத் திறடி. தலை மேலே, முதுகு உள்ளே, பல் நறநற. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கடுகுக்குத் தலைக்கேறியது.

"கையை இறக்கு! கல்லு மாதிரி பிடிச்சிருக்கே பாரு கையை! மூச்சை விடுடி! ரெண்டு மாசம் நான் பட்ட பாடெல்லாம் உன் கையால வீணாப் போகுது!"

பத்து லாயத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளின் முகம் சிவந்துபோயிற்று. குதிரையை நேராக வேலிக்கு ஓட்டிவந்து, இறங்கி, வாரை அம்மாவின் கையில் திணித்தாள்.

"இந்தா. நீயே ஏறிக்கோ."

"என்னடி, திமிரா?"

"இவ காதடியில தொட்டுப் பாரு."

"நேரம் ஆகுது, விளையாடறியா?"

"தொட்டுப் பாரும்மா!"

மகள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கடுகு தொட்டாள். முதல் பின்னலின் அடியில் தோல் மேலே இழுபட்டு, சின்னச் சின்னதாகத் தடித்துப்போயிருந்தது. விரல் பட்டதும் சீமாட்டி வெடுக்கென்று தலையைத் தூக்கினாள்.

"அதுக்கென்ன? பின்னல்னா இறுக்கமாத்தான் இருக்கும்."

"அந்த மைதானத்துல பின்னியிருந்தியா? லாயத்துல பழகறப்ப என்னைக்காவது பின்னினியா? பின்னாத நாளெல்லாம் கழுத்தை நீட்டறா. பின்னின நாளெல்லாம் தூக்கறா. கீழ இறக்கினா இழுக்குது, எப்படி இறக்குவா?"

கடுகு தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். பாய்ந்தாள்.

"இது தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு இருந்தே?"

"போன போட்டியிலயே சந்தேகம்தான். உன்கிட்ட யாரு சொல்றது? உன் பின்னலைப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியுமா?"

"ஏன், கடிச்சுத் தின்னுடுவேனா?"

"சின்ன வயசுல எனக்குத் தலை பின்னறப்ப சொன்னேன்ல. வலிக்குதும்மான்னு தினம் சொன்னேன். சொன்னா இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துப் பின்னுவே. கண்ணு ரெண்டும் மேல போயிடும். மத்தியானம் வரைக்கும் ஸ்கூல்ல தலைவலி. பதினாறு வயசுல முடியை எதுக்கு ஒட்ட வெட்டிக்கிட்டேன்னு நினைச்சே? ஹெல்மெட்டுக்காகவா?"

ஆமாம், ஹெல்மெட்டுக்காக என்றுதான் நினைத்திருந்தாள். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருந்தாள். என் பொண்ணுக்குக் குதிரைதான் உசிரு, அதுக்காக இடுப்பு வரைக்கும் இருந்த முடியையே கொடுத்துட்டா என்று! அடக் கடவுளே. ஆறு மணிக்கு லாயத்தில் இருக்கணும். அதற்குள் சமைக்கணும், பிள்ளையைக் கிளப்பணும். தூக்கக் கலக்கத்தில் நெளிகிற தலையை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி இழுத்துப் பின்னுவாள். ஒரு முடி கலையாது. டீச்சரம்மா கூடப் பாராட்டினாள்.

கோபத்துக்கு எப்போதும் ஆள் வேண்டும். முதலாளி, நடுவர், சேணக்காரர், தீவனம் என்று இரண்டு மாசமாக அவள் கோபம் வீடு வீடாகப் போய்த் தட்டியது. இப்போது தட்டக் கதவே இல்லாமல் அவள்மேலேயே திரும்பி வந்து விழுந்தது. "நாசமாப் போன கை" என்றாள், தன் கையைப் பார்த்து. இடுப்பிலிருந்த பையில் கத்தரிக்கோலை எடுத்தாள். பெட்டி இல்லை. வேலிக்குள் புகுந்து, மகள் கைகோத்துக் கொடுத்த படியில் ஏறி, முதல் நூலை வெட்டினாள்.

பத்தாவது உருண்டையை வெட்டும்போது முதலாளி ஓடிவந்தார். "ஐயோ, என்ன பண்றே? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? என் குதிரையைத் தலைவிரி கோலமா உள்ள அனுப்பப் போறியா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கா கழுத்து வலிக்குது?"

"பின்னாம எவனாவது இறங்குவானா?"

"பின்னணும்னு சட்டத்துல ஒரு வரி கிடையாது. எல்லாரும் பண்றாங்கன்னு நானும் பண்ணினேன், அவ்வளவுதான். தள்ளி நில்லுங்க முதலாளி, கத்தரிக்கோல் கையில இருக்கு."

தள்ளித்தான் நின்றார்.

கடைசி நூல் அறுந்ததும் சீமாட்டி கழுத்தைத் தரைவரைக்கும் இறக்கி, உடம்பு முழுக்க ஒரு தடவை உதறி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். சுருண்டு சுருண்டு நின்ற பிடரியோடு, மகளைச் சுமந்துகொண்டு, மணி அடித்ததும் உள்ளே போனாள். ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். கடுகு அவர்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

எல்லாமே சரியாக நடந்துவிட்டது என்று கதை விட மாட்டேன். முதல் இடத்தில் நிற்கச் சொன்னபோது சீமாட்டி ஒரு காலை மாற்றி வைத்தாள். ஒரு வட்டம் முட்டை மாதிரி போயிற்று. ஆனால் வாரை விட்ட இடத்தில், தலை தூக்கப்போகிறது என்று முதலாளி கண்ணை மூடிக்கொண்ட இடத்தில், கழுத்து மெல்ல மெல்ல இறங்கி நீண்டது. கடுகுக்குச் சந்தோஷம் வரவில்லை. 'இவ்வளவுதானா! இவ்வளவுக்குத்தான் ரெண்டு வருஷம் அதை அந்தப் பாடு படுத்தினேனா?' என்று ஆத்திரம்தான் வந்தது. அறுபத்தாறு மார்க்கு. ஓட்டமும் தாண்டலும் சேர்ந்து அன்றைக்கு இரண்டாவது இடம்.

நாலாம் நாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பெரிய குதிரையோட்டி ஒருவர் கேட்டிருக்கிறாராம். அவர் லாயத்துக்கே சீமாட்டி போகிறாளாம். பெரிய போட்டிகளுக்கெல்லாம் இறக்கப் போகிறாராம்.

"அறுபது வந்தா கடைசி வரைக்கும் என் பொண்ணுதான்னு சொன்னீங்களே!"

"சொன்னேன். அறுபத்தாறு வரும்னு யாரு கண்டா? இப்ப அவ தரமே வேற, கடுகு. பெரிய கை வேணும்."

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? வராவிட்டால் குதிரை போகும் என்றார்கள், வந்தது, அதனாலேயே போகிறது! கடுகு அன்றைக்கு முதலாளியை வாங்கின வாங்கு லாயம் முழுக்கக் கேட்டது. "வாக்குன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நாக்கா அது, இல்ல வேற ஏதாவதா? வார்த்தை மாறுறவன் சோறுதான் திங்கறானா?" என்றெல்லாம் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வியாழக்கிழமை வண்டி வரும் என்றார்.

மகள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, பின்னல் விஷயம் நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். நீ வெட்டினது முதலாளிக்கு ஏதோ உன் கிறுக்கு, அவ்வளவுதான். அங்க போனா பெரிய லாயம், வழக்கப்படி இழுத்துப் பின்னுவாங்க. ரெண்டு போட்டியில நாப்பத்தஞ்சு வாங்கிட்டு, இது தேறாதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. நீ ஒண்ணும் பண்ண வேணாம். வாயைத் திறக்காம இரு."

கடுகு வாயைத் திறக்கப் போனாள், மகள் விடவில்லை.

"உனக்கு அதுதான் கஷ்டம்னு தெரியும். நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்லை. இது ஒண்ணு எனக்காக."

"சரி" என்றாள் கடுகு. "என் வாக்கு."

வியாழக்கிழமை வண்டி வந்தது. கூடவே அந்த லாயத்துக் குதிரைக்காரர், நடுத்தர வயசு, மரியாதையான மனுஷர், குதிரையை அதட்டாமல் கிட்டே வந்து முதலில் கையை மோந்து பார்க்கக் கொடுத்தார். தீவனம், தண்ணீர், லாடம் எல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். தீவன அறை வாசலில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடுகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு குறைவாகப் பேசியதில்லை.

எல்லாம் முடிந்து கயிற்றை வாங்கிக்கொண்ட மனுஷர், சீமாட்டியின் பிடரியை ஒதுக்கிவிட்டுக் கேட்டார். "அக்கா, உங்க பின்னலைப் பத்தி எங்க பக்கம் எல்லாரும் சொல்லுவாங்க. சும்மா கல்லு மாதிரி நிக்கும்னு. இவளுக்கும் அதே மாதிரி போட்டாத்தான் எங்க ஐயாவுக்குப் பிடிக்கும். எவ்வளவு இழுக்கணும்னு ஒரே ஒரு கற்றை போட்டுக் காட்டுங்களேன்."

பையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்து நீட்டினார். சீமாட்டியின் காது பின்னால் மடங்கியது. நூலைப் பார்த்துத்தான் மடங்கியதோ, சும்மா மடங்கியதோ, யாருக்குத் தெரியும்.

கடுகு அந்த நூல்கண்டைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"இவ கழுத்துல நூல் பட்டுதுன்னு தெரிஞ்சா அங்கேயே வந்து உன் கையை ஒடிப்பேன்! கேட்டுக்கோ. இவளுக்குப் பின்னக் கூடாது. பின்னினா வலிக்கும், வலிச்சா தலையைத் தூக்குவா, தூக்கினா நாப்பத்தஞ்சுதான். உங்க ஐயா கேட்டா சட்டத்துல இல்லைன்னு சொல்லு. ரெண்டு வருஷம் நான் இழுத்து இழுத்துப் பின்னி இவளைப் படுத்தினேன். தப்பு என்னோடது. அதை நீயும் பண்ணாதே!"

குதிரைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். சீமாட்டி முரண்டு பண்ணாமல் வண்டியில் ஏறினாள். கதவைத் தாழிட்டு, வண்டி வாசலைத் தாண்டி, சாலையில் திரும்புகிற வரைக்கும் கடுகு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது மகள் பக்கத்தில் நின்றாள்.

"வார்த்தை மாறுறவன் சோறுதான் திங்கறானான்னு கேட்டியே முதலாளியை."

"அதுக்கு வலிக்குமேடி" என்றாள் கடுகு. "தெரிஞ்சே எப்படிடி அனுப்பறது?"

"அதுக்கு வலிக்கும். சரி. எனக்கு?" என்றாள் மகள். "எனக்கு வலிச்சா பரவாயில்லை. அன்னைக்கும் அப்படித்தான் நினைச்சே, இன்னைக்கும் அப்படித்தான். அந்த ஆள் யாரோ எவரோ, அவர்கிட்ட தப்பு என்னோடதுங்கறே. என்கிட்ட ஒரு நாள் சொன்னியா?"

"இப்ப சொல்றேன்."

"இப்ப எதுக்கு? குதிரை போயிடுச்சு."

மகள் சாலையோரமாக வீட்டைப் பார்த்து நடந்தாள். கூப்பிடலாம் என்று கடுகு வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் அது அதட்டலாகத்தான் வரும், அவளுக்கு வேறு மாதிரி கூப்பிடத் தெரியாது. அதனால் கூப்பிடாமல், அவள் பின்னாலேயே வேகவேகமாக நடக்க ஆரம்பித்தாள்.